ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளுக்கு ஒரு மண்டலச் சங்கம்: தொடங்குவது முதல் ஒப்படைப்பது வரை முழுமையான வழிகாட்டி

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக, அதாவது நோயாலோ காயத்தாலோ குறைபாட்டாலோ தடைபட்ட அன்றாடச் செயல்களைத் தாமே செய்யப் பழக்குபவராகப் பணிபுரிபவருக்கு அதே துறையைச் சேர்ந்த இன்னொருவர் அந்தக் கட்டடத்தில் அநேகமாக இருக்க மாட்டார். பக்கவாதம் வந்த முதியவர், ஆட்டிசம் உள்ள குழந்தை, இயந்திரத்தில் விரல்களை இழந்த தொழிலாளி என அனைவரும் அவர் ஒருவரிடமே வருகிறார்கள். சந்தேகம் வந்தால் கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. சென்னை, வேலூர், கோவை ஆகிய ஊர்களில் பணிபுரிபவர்களுக்குக் கல்லூரியும் மூத்தவர்களும் நூலகமும் அருகிலேயே இருப்பதால், சங்கம் இல்லாவிட்டாலும் அவர்கள் காலம் தள்ளிவிடுவார்கள். தனியாக இருப்பவருக்கு அது முடியாது. எனவே மண்டலச் சங்கத்தின் எந்த வேலையையும் திட்டமிடும்போது, அது இந்தத் தனி ஆளுக்கு எந்த வகையில் பயன்படும் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. தமிழ்நாட்டில் இப்படியொரு சங்கத்தைப் புதிதாகத் தொடங்க நினைப்பவர்களையும், பெயரளவில் இருக்கும் கிளைக்கு உயிரூட்ட நினைப்பவர்களையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது.

முதல் படி: சங்கத்தின் எல்லையைத் தெரிந்துகொள்ளுதல்

சங்கம் வேறு, கவுன்சில் வேறு. இந்த வேறுபாட்டை நிர்வாகிகளே சரியாகப் புரிந்துகொள்ளாததால், உறுப்பினர்களுக்குத் தர முடியாத வாக்குறுதிகளைத் தந்துவிட்டுப் பிறகு தடுமாறும் சங்கங்கள் உண்டு. தேசிய துணைமருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்கள் ஆணையச் சட்டம் 2021ஆம் ஆண்டு நிறைவேறியது. ஆக்குபேஷனல் தெரபி அதன் அட்டவணையில் தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது. தொழில் செய்யும் உரிமைக்கான பதிவு, பதிவேட்டைப் பராமரித்தல், தவறிழைத்தவர் மீது சட்டப்படியான நடவடிக்கை ஆகியவை அந்தச் சட்டத்தின்கீழ் அமையும் மாநிலக் கவுன்சிலின் பொறுப்பு. அதற்கு முன்பே டெல்லி 1997இலும் மகாராஷ்டிரா 2002இலும் தத்தம் கவுன்சில்களுக்கான சட்டங்களை இயற்றிவிட்டன. மற்ற பல மாநிலங்களில் அப்படி எதுவும் இல்லாததால், நீண்ட காலமாகச் சங்கத்தின் உறுப்பினர் சான்றிதழே பதிவுச் சான்றிதழைப் போலப் புழங்கியது. அந்தப் பழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் அடையாள அட்டையிலோ சான்றிதழிலோ "பதிவு பெற்ற தெரபிஸ்ட்" என்று அச்சிடக் கூடாது; "சங்க உறுப்பினர்" என்று மட்டும் இருக்க வேண்டும். சங்கம் செய்யக்கூடியது வேறு வகையானது. உறுப்பினரின் அறிவை வளர்க்கலாம், அவர் சார்பில் அரசிடம் பேசலாம், பொதுமக்களுக்குச் சரியான ஆளை அடையாளம் காட்டலாம், தன் ஒழுக்க நெறிகளை மீறுபவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கலாம். இவை நான்கும் சிறிய வேலைகள் அல்ல.

இரண்டாம் படி: தாய்ச் சங்கத்துடன் உறவை முடிவுசெய்தல்

இந்தியாவில் இத்துறையின் கல்வி 1950இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியது. அதைத் தொடங்கிய கமலா நிம்ப்கர் பிறப்பால் அமெரிக்கர். இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்தவர். அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் சங்கம் 1952இல் உருவானது. அதே ஆண்டு அமைந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளின் உலகக் கூட்டமைப்பை நிறுவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. முதல் பள்ளி தொடங்கி இரண்டே ஆண்டுகளில் உலக அமைப்பில் இடம்பிடித்தது சாதாரணச் செய்தி அல்ல.

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வேறொரு ஊற்றும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியபோது, அந்தக் கையை வைத்து அவர்கள் என்ன வேலை செய்து பிழைப்பார்கள் என்ற கேள்வி உடனே எழுந்தது. விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பின்னரும் அறுவை சிகிச்சை நிபுணராகப் பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு மையத்தை நிறுவினார். தமிழ்நாட்டின் மரபு கை சிகிச்சையிலும் முதுகுத்தண்டு காயத்திலும் வேரூன்றியது என்பதை இளம் உறுப்பினர்கள் அறிந்திருப்பது நல்லது. இன்று துறை என்றாலே குழந்தைகளுக்கான தெரபி மையம்தான் என்ற எண்ணம் பரவிவிட்டது.

நடைமுறைக்கு வருவோம். அகில இந்தியச் சங்கத்துக்கு மாநிலக் கிளைகள் உண்டு. உங்கள் மண்டல அமைப்பு அந்தக் கிளையின் உட்பிரிவாக இயங்கப் போகிறதா, தனிப் பதிவு பெற்ற அமைப்பாக இயங்கிக்கொண்டு கிளையுடன் ஒத்துழைக்கப் போகிறதா என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவுசெய்யுங்கள். உட்பிரிவு என்றால் தாய்ச் சங்கத்தின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். தனிக் கணக்கு வைக்கலாமா என்பதையும் எழுத்திலேயே பெற வேண்டும். என் கருத்தில், உறுப்பினர் எண்ணிக்கை நூறைத் தாண்டாதவரை உட்பிரிவாக இருப்பதே மேல். தனிப் பதிவு கொண்டுவரும் காகித வேலை, சிறிய அமைப்பின் உழைப்பில் பாதியைத் தின்றுவிடும்.

மூன்றாம் படி: பதிவும் துணைவிதிகளும்

தனிப் பதிவு என்று முடிவானால் அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் நடைபெறும். குறைந்தது 7 பேர் கையெழுத்திட வேண்டும். நிர்வாகக் குழுவில் 3 பேருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அவர்களின் பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. நோக்கங்களைச் சொல்லும் குறிப்பாணையும் துணைவிதிகளும் சேர்த்துத் தாக்கல் செய்யப்படும்.

துணைவிதிகளை இணையத்தில் கிடைக்கும் ஏதாவது ஒரு நலச் சங்கத்தின் மாதிரியிலிருந்து அப்படியே எடுப்பதே வழக்கம். அப்படிச் செய்தால் "ஏழைகளுக்கு இலவச நோட்டுப் புத்தகம் வழங்குதல்" என்பது தொழில்முறைச் சங்கத்தின் முதல் நோக்கமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நான்கு விஷயங்களை மட்டும் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். யார் முழு உறுப்பினர் ஆகலாம் என்பது ஒன்று. ஊரில் இல்லாத உறுப்பினர் எப்படி வாக்களிப்பார் என்பது இரண்டாவது. ஒரே பதவியில் ஒருவர் எத்தனை முறை தொடரலாம் என்பது மூன்றாவது. உறுப்பினர் மீது புகார் வந்தால் என்ன நடைமுறை என்பது நான்காவது. சங்கங்கள் உடைவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றால்தான். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதும் எளிதல்ல. திருத்தத்துக்கு முறையான முன்னறிவிப்புடன் கூடிய பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் தாக்கல் செய்தாக வேண்டும்.

முழு உறுப்பினருக்கான தகுதி, அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பி.ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி இளநிலைப் பட்டம்) அல்லது அதற்கு மேற்பட்ட பட்டமாக இருக்கட்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டம் சுகாதாரத் தொழில்முறையாளருக்குக் குறைந்தது 3,600 மணி நேரம், 3 முதல் 6 ஆண்டுகளுக்குள் பரவிய பட்டப் படிப்பை வரையறுக்கிறது. உலகக் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரத்தின்படி களப் பயிற்சி மட்டுமே 1,000 மணி நேரம் இருக்க வேண்டும். "மூன்று மாதத்தில் தெரபிஸ்ட் ஆகலாம்" என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்துவிட்டு உறுப்பினராக விண்ணப்பிப்பவரிடம் இந்த இரண்டு எண்களைக் காட்டினால் போதும், தனியாக விளக்கம் தேவைப்படாது. மாணவர்களுக்கு வாக்குரிமை இல்லாத இணை உறுப்பினர் நிலை தரலாம். அவர்களிடம் கட்டணம் வாங்காதீர்கள்.

நான்காம் படி: உறுப்பினர் பதிவேடு

எல்லாச் சங்கங்களிடமும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் பெயர், கைப்பேசி எண், கல்லூரி, ஆண்டு என்ற நான்கு கட்டங்கள் இருக்கும்; பாதி எண்கள் மாறியிருக்கும். பயனுள்ள பதிவேட்டில் இன்னும் மூன்று கட்டங்கள் வேண்டும்: எந்த வட்டத்தில் பணி, எந்த வகை நோயாளிகளைப் பார்க்கிறார், வீட்டுக்குச் சென்று பார்ப்பாரா. ராமநாதபுரத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு வேண்டியது தமிழ்நாட்டின் அத்தனை தெரபிஸ்ட்டுகளின் பட்டியல் அல்ல. தன் குழந்தையைப் பேருந்தில் அழைத்துச் சென்று மாலைக்குள் திரும்பக்கூடிய தூரத்தில் யார் இருக்கிறார் என்ற ஒரு பதில்தான்.

இந்தப் பதிவேட்டின் ஒரு பகுதியைத்தான் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும்; அதுவும் உறுப்பினர் எழுத்தில் சம்மதித்த பின்னரே. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 சங்கங்களுக்கும் பொருந்தும். முழுப் பட்டியலை எக்செல் கோப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, சந்தா புதுப்பிக்கும் வேளையில், ஒவ்வொருவரும் தம் விவரங்களைச் சரிபார்த்தால்தான் புதுப்பித்தல் நிறைவேறும் என்று விதி வைத்தால் பதிவேடு தானே சீராக இருக்கும்.

ஐந்தாம் படி: பணம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சொல்வதைச் செய்தால் போதும். சங்கத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து, ஆண்டுக்கு ஒரு முறை பட்டயக் கணக்காளரின் தணிக்கை. செயலாளரின் சொந்த ஜி-பே எண்ணுக்குச் சந்தா வாங்குவதை, நாளைக்கே திருப்பிவிடும் எண்ணம் இருந்தாலும், அனுமதிக்காதீர்கள்.

அடிக்கடி கவனிக்கப்படாத இரண்டு இடங்கள் உண்டு. பெரிய கருத்தரங்கு நடத்தும் ஆண்டில், பதிவுக் கட்டணம், கண்காட்சி அரங்குகளிலிருந்து வரும் வாடகை, விளம்பரதாரர் தொகை எல்லாம் சேர்ந்து சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. வரம்பான 20 லட்சம் ரூபாயை நெருங்கக்கூடும். அந்த ஆண்டுக்கு முன்பே கணக்காளரிடம் பேசிவிடுங்கள். இன்னொன்று வெளிநாட்டுப் பணம். நம் துறையில் படித்தவர்களில் பலர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். அன்போடு நன்கொடை தர முன்வருவார்கள். இந்தியக் குடியுரிமையுடன் இருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. குடியுரிமை மாறி, ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை மட்டும் வைத்திருப்பவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகிவிடும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010இன்கீழ் பதிவு பெறாத சங்கம் அதைத் தொடக் கூடாது. நன்றி சொல்லித் திருப்பி அனுப்ப நேர்ந்தால் சங்கடப்படத் தேவையில்லை.

ஆறாம் படி: தொடர் கல்வி

சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். ஆனால் வழக்கமான கருத்தரங்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: நட்சத்திர விடுதி, குத்துவிளக்கு, சால்வைகள், ஐந்து பேச்சாளர்கள், எண்பது ஸ்லைடுகள், மதிய உணவு, சான்றிதழ். கேட்டவர் ஊர் திரும்பி மறுநாள் காலை நோயாளியிடம் புதிதாக ஒன்றையும் செய்வதில்லை.

மாற்று வழி, ஒரே ஒரு திறனை எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுவதும் கையால் செய்ய வைப்பது. எடுத்துக்காட்டாக, மணிக்கட்டு தொங்கிப்போனவருக்கான காக்-அப் ஸ்பிளிண்ட் (மணிக்கட்டை நிமிர்த்தித் தாங்கும் அணை) பயிற்சியை வடிவமைப்பது எப்படி என்று பார்ப்போம். பங்கேற்பாளர் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். குறைந்த வெப்பத்தில் இளகும் தெர்மோபிளாஸ்டிக் தகடு, ஏறக்குறைய 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் மென்மையாகிவிடும். அதற்கென விற்கும் சூடேற்றும் தொட்டி மாவட்ட மருத்துவமனையில் இருக்காது என்பதால், பயிற்சியிலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. மின்சார அடுப்பும் அகலமான அலுமினியப் பாத்திரமும் சமையலறை வெப்பமானியும் போதும். இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் மற்றவரின் கையைத் தாளில் வரைந்து வெட்டி, மாதிரியைப் பொருத்திப் பார்த்து, பிறகே தகட்டை வெட்ட வேண்டும். மணிக்கட்டு 20 முதல் 30 டிகிரி மேல்நோக்கி இருக்கிறதா என்று கோணம் அளக்கும் கோனியோமீட்டரால் அளக்க வேண்டும். உள்ளங்கையின் குறுக்கு ரேகையைத் தாண்டித் தகடு நீண்டால் விரல்கள் மடங்காது. இந்தத் தவறை அநேகமாக எல்லோரும் முதல் முறை செய்வார்கள். பயிற்றுநர் அதை முன்கூட்டியே சொல்லாமல், விரலை மடக்கச் சொல்லி அவர்களே கண்டுபிடிக்க விட்டுவிடலாம்.

அதன் பின் அரை மணி நேரம் அணிந்துகொண்டே தேநீர் குடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பிறகு தோல் சிவந்திருந்தால், அந்தச் சிவப்பு 20 நிமிடங்களுக்கு மேல் நீடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நீடித்தால் அந்த இடத்தில் தகடு அழுத்துகிறது, மாற்ற வேண்டும். தொழுநோயாலோ சர்க்கரை நோயாலோ உணர்ச்சி மங்கிய கையாக இருந்தால் நோயாளி வலிக்கிறது என்று சொல்லவே மாட்டார்; கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி. இதைத் தன் கையிலேயே உணர்ந்த தெரபிஸ்ட், நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சொல்லித் தரும் விதம் வேறாக இருக்கும்.

பயிற்சி முடிந்த பிறகுதான் சங்கத்தின் வேலை தொடங்குகிறது. அடுத்த இரண்டு மாதங்களில் ஒவ்வொருவரும் தம் மருத்துவமனையில் செய்த ஒரு ஸ்பிளிண்டின் படத்தை, நோயாளியின் முகமும் பெயரும் தெரியாமல், அவர் சம்மதத்துடன் அனுப்ப வேண்டும். மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். அதன் பின்னரே சான்றிதழ். எண்ணிக்கை குறையும், உண்மைதான். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தெர்மோபிளாஸ்டிக் தகடு விலை கூடியது. ஒரு மருத்துவமனையோ தனி மையமோ முழுத் தகடுகளாக வாங்கினால் பணம் முடங்கிவிடும். சங்கம் மொத்தமாகத் தருவித்து, தேவைக்கேற்ப வெட்டி, அடக்க விலைக்கே உறுப்பினர்களுக்குத் தந்தால், அந்த ஒரு சேவைக்காகவே சந்தா கட்டுபவர்கள் உண்டு. நோயாளியின் திறன்களை அளக்க உதவும் விலை உயர்ந்த மதிப்பீட்டுப் பெட்டிகளையும் இப்படி ஒரு செட் வாங்கி, முன்பதிவு முறையில் கூரியரில் சுற்றுக்கு விடலாம். ஆனால் விடைத்தாள்களை நகலெடுத்து விநியோகிப்பது பதிப்புரிமை மீறல். தாள்களை உறுப்பினர் தாமே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: மதிப்பீடுகளைத் தமிழ் வாழ்க்கைக்குக் கொண்டுவருதல்

கல்லூரிகள் தனித்தனியாகச் செய்வதைவிட ஒரு மண்டலச் சங்கம் நன்றாகச் செய்யக்கூடிய பணி இது. அன்றாடச் செயல்களை மதிப்பிட நாம் அதிகம் பயன்படுத்தும் பார்தெல் அட்டவணை 1965இல் அமெரிக்காவில் வெளியானது. 10 செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். இன்று பரவலாகப் புழங்கும் வடிவத்தில், உண்பது என்ற பிரிவில், உணவை வெட்டவும் ரொட்டியில் வெண்ணெய் தடவவும் உதவி தேவைப்பட்டால் பாதி மதிப்பெண். நம் நோயாளி சாம்பாரைச் சோற்றில் ஊற்றி, ஐந்து விரல்களாலும் பிசைந்து, விரல் நுனிகளில் திரட்டி, கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளுகிறார். இந்தச் செயலுக்கு வேண்டிய விரல் ஒத்திசைவு கத்தி பிடிப்பதற்கு வேண்டியதிலிருந்து முற்றிலும் வேறானது. வலது கை செயலிழந்தவர் இடது கையில் கரண்டி பிடித்துத் தானே சாப்பிட்டுவிட்டால் அட்டவணையில் முழு மதிப்பெண் பெறுவார். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார மாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிடுவார். தெரபிஸ்ட்டின் குறிப்பில் அவர் குணமடைந்தவர்.

ஆகவே சங்கம் ஒரு சிறு குழுவை அமைத்து, தரையில் அமர்ந்து எழுதல், குந்திக் கழிப்பறை செல்லல், கையால் உண்ணல், சேலை அல்லது வேட்டி கட்டுதல், பூசை, கோலம், இருசக்கர வாகனத்தின் பின்னால் அமர்தல் ஆகியவற்றை எப்படிக் கவனித்துப் பதிவுசெய்வது என்று ஒரு பக்கத் துணைப் படிவம் தயாரிக்கலாம். பழைய அட்டவணையை மாற்றியெழுதத் தேவையில்லை. அதன் மதிப்பெண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, இதைப் பக்கத்தில் இணைத்தால் போதும்.

ஏற்கெனவே இருக்கும் கருவி ஒன்றை மொழிபெயர்க்க விரும்பினால், முதலில் உரிமையாளரின் எழுத்துமூல அனுமதி பெற வேண்டும். பிறகு இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கி, மூலத்தைப் பார்க்காத ஒருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றிச் சரிபார்க்க வேண்டும். கடைசியாகச் செய்ய வேண்டிய களச் சோதனையைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். திருநெல்வேலியிலும் ஈரோட்டிலும் சென்னையிலும் சில நோயாளிகளிடம் வினாக்களை வாய்விட்டுப் படித்துக்காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். புத்தகத் தமிழில் எழுதிய கேள்விக்கு மரியாதைக்காக "ஆமாங்க" என்று மட்டும் பதில் வந்தால், அந்தக் கேள்வியைத் திருத்த வேண்டும்.

எட்டாம் படி: அரசுடன் பேசுதல்

கோரிக்கை மனு என்றாலே பத்து அம்சங்களை அடுக்கி, அமைச்சருக்குப் பூங்கொத்துடன் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது என்றாகிவிட்டது. பத்து கோரிக்கைகள் உள்ள மனுவில் எந்தக் கோப்பும் நகராது. ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை, ஒரு பக்கம், ஓர் அலுவலர்.

அதற்கு முன் தரவு வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன், மண்டலத்தின் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பணியிடங்கள் எத்தனை அனுமதிக்கப்பட்டுள்ளன, எத்தனை நிரப்பப்பட்டுள்ளன, காலியானவை எந்தத் தேதியிலிருந்து காலி, அனுமதித்த அரசாணையின் எண்ணும் தேதியும் என்ன என்ற நான்கு கேள்விகள் போதும். "ஏன் நிரப்பவில்லை" என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் வினாவை, அது தகவல் அல்ல என்று எளிதில் தள்ளிவிடுவார்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

அரசுப் பணியிடங்கள் ஒரே துறையில் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஓர் இயக்ககத்தின்கீழ், மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வேறோர் இயக்ககத்தின்கீழ், பள்ளிகளில் உள்ளடக்கிய கல்வி பள்ளிக் கல்வித் துறையின்கீழ், மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகள் தனித் துறையின்கீழ் இருக்கின்றன. தவறான மேசைக்குப் போன மனு, "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்ற குறிப்புடன் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும்.

கோரிக்கையை ஏற்கெனவே நடைமுறையில் உள்ள திட்டத்தோடு பொருத்துவது நல்லது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையிலானவர்களைப் பரிசோதித்து, மேல்சிகிச்சை தேவைப்படுவோரை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறைபாடுகளின் எண்ணிக்கையை 7இலிருந்து 21ஆக உயர்த்தியது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் அடக்கம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டு வாசலுக்கே செல்கிறது. நடக்கத் தொடங்கிய நோயாளிக்குக் கழிப்பறையில் கைப்பிடி எங்கே பொருத்த வேண்டும், வாசற்படியை எப்படி மாற்ற வேண்டும், சமையல் மேடை முன் எப்படி அமர்ந்து வேலை செய்யலாம் என்று அதே வீட்டில் பார்க்க இன்னொருவர் தேவை என்பதை, இரண்டு மூன்று உண்மை நோயாளிகளின் விவரத்தோடு, பெயர் மறைத்துக் காட்டினால், கோப்பைப் படிக்கும் அலுவலருக்கு உடனே புரியும். இயன்முறை சிகிச்சையாளர்களுக்கு எதிராக எழுதாதீர்கள். அடுத்தவரைக் குறைத்துப் பேசி எழுதிய மனுவால் நம் துறைக்கு ஒரு பணியிடம்கூடக் கூடியதாகத் தெரியவில்லை. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாமா என்ற விவாதத்திலும் சங்கத்தின் ஓராண்டைச் செலவிட வேண்டாம். அது நடக்கும் இடத்தில் நடக்கட்டும்.

ஒன்பதாம் படி: பொதுமக்கள்

அக்டோபர் 27 உலக ஆக்குபேஷனல் தெரபி நாள். 2010 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. பேரணியும் பலூனும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு மட்டும் நடத்தும் இலவச முகாம்களைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. ஒரு நாள் பார்த்து, "தெரபி தேவை" என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனால், அந்தக் குடும்பம் அதன் பிறகு எங்கே போகும்? முகாம் நடத்தும் முன்பே, அந்த வட்டத்தில் தொடர்ந்து பார்க்கப்போகும் உறுப்பினர் யார் என்று முடிவுசெய்யுங்கள். அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த ஊரில் முகாம் வேண்டாம்.

ஆண்டு முழுவதும் இயங்கும் ஒரு தொலைபேசி எண், முகாமைவிடப் பயன் தரும். உறுப்பினர்கள் முறைவைத்து வாரத்தில் இரண்டு மாலை வேளைகளில் பேசினால் போதும். "ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) போட்டா பேச்சு வந்துருமாங்க?" என்றுதான் பல பெற்றோர் தொடங்குவார்கள். வந்துவிடும் என்று சொல்லவே கூடாது. பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்க வேண்டும் என்பதையும், உட்காருதல், கவனித்தல், தானே உண்ணல், எழுதுதல் போன்றவற்றில் நம் வேலை என்ன என்பதையும் சொல்லிவிட்டு, குழந்தையைப் பார்க்கும் தெரபிஸ்ட்டிடம் அவர்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைச் சொல்லித் தாருங்கள்: உங்கள் பட்டம் எது, மூன்று மாதத்தில் எட்ட நினைக்கும் இலக்கு எது, பயிற்சியின்போது நான் உள்ளே இருக்கலாமா. மூன்றாவது கேள்விக்கு மறுப்பு வந்தால், அதற்கான காரணத்தைக் கேட்கச் சொல்லுங்கள்.

பத்தாம் படி: புகார்

தொழில்முறைச் சங்கத்துக்கு வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டு வகை: நோயாளியின் குடும்பத்திடமிருந்து வருவது, ஒரு மையம் இன்னொரு மையத்தின் மீது அனுப்புவது. இரண்டாவது வகையை எச்சரிக்கையோடு கையாளுங்கள். அதில் பாதி தொழில் போட்டியாக இருக்கும். புகார் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். மூவர் குழு அதை விசாரிக்கட்டும். அவர்களுள் ஒருவராவது வேறு மாவட்டத்தைச் சேர்ந்தவராகவும், யாரும் இரு தரப்பில் எவரிடமும் பணிபுரிந்தவராகவோ படித்தவராகவோ இல்லாமலும் இருப்பது நல்லது. சிறிய துறையில் எல்லோரும் எல்லோருக்கும் சீனியர், ஜூனியர் என்பதால் கடைசி நிபந்தனையை முழுமையாக நிறைவேற்ற முடியாமல் போகலாம்; அப்போது பேச்சுச் சிகிச்சை அல்லது சமூகப் பணித் துறையிலிருந்து ஒருவரை அழைத்துக்கொள்ளலாம்.

இரு தரப்பையும் கேட்டு, காரணங்களோடு எழுத்தில் முடிவைத் தர வேண்டும். அறிவுரை, எச்சரிக்கை, தற்காலிக நீக்கம், நிரந்தர நீக்கம் என்ற நான்குக்கு மேல் சங்கத்தின் அதிகாரம் செல்லாது. பட்டமே இல்லாதவர் தெரபி நடத்துகிறார் என்பது புகாராக இருந்தால், அவர் உங்கள் உறுப்பினரே அல்ல. ஆவணங்களைத் திரட்டி மாநிலக் கவுன்சிலுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் அனுப்புவதே சரி. குழந்தையை அடித்தது, தொட்டது போன்ற புகார் என்றால் சங்கம் விசாரிக்கவே கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் குற்றம் என்று தெரியவந்தால், உடனே காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. "நாமே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், அதை நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதப்போவதாகச் சொல்லுங்கள், பேச்சு அதோடு நின்றுவிடும்.

பதினோராம் படி: தேர்தலும் ஒப்படைப்பும்

வாக்காளர் பட்டியலைத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே வெளியிட்டு, ஆட்சேபங்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள். கடைசி வாரத்தில் கூட்டமாகச் சேரும் புது உறுப்பினர்களுக்கு அந்தத் தேர்தலில் வாக்கில்லை என்று துணைவிதியில் இருந்தால் பாதிச் சண்டை தவிர்க்கப்படும். தேர்தல் அலுவலர் துறைக்கு வெளியே உள்ள ஒருவராக, ஓய்வுபெற்ற பேராசிரியராகவோ வழக்கறிஞராகவோ, இருக்கட்டும். செயற்குழுவில் குறைந்தது இரண்டு இடங்களைக் கல்லூரி இல்லாத மாவட்டங்களில் பணிபுரிபவர்களுக்கு ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் குழு முழுவதும் ஒரே ஊர்க்காரர்களாகவும் ஒரே கல்லூரிக்காரர்களாகவும் ஆகிவிடும். கூட்டங்களில் ஒன்று விட்டு ஒன்று காணொலி வழியாக நடந்தால்தான் அந்த இரண்டு பேரால் உண்மையில் பங்கேற்க முடியும்.

தேர்தல் முடிந்த அன்றே ஒப்படைப்பு நடக்க வேண்டும். பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதி, துணைவிதிகள், தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, முத்திரை, காசோலைப் புத்தகம், தணிக்கை அறிக்கைகள், நிலுவையில் உள்ள மனுக்களின் நகல்கள், சுற்றுக்கு விடப்பட்ட மதிப்பீட்டுப் பெட்டிகள் எந்தெந்த உறுப்பினரிடம் இருக்கின்றன என்ற பட்டியல் ஆகியவற்றை வரிசையாக எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லும், அதனோடு இணைத்த கைப்பேசி எண்ணும் அன்றைக்கே மாற்றப்பட வேண்டும். முன்னாள் செயலாளரின் எண்ணுக்கு ஓ.டி.பி. போய்க்கொண்டிருக்கும் சங்கங்கள் குறைவல்ல. வங்கியில் கையெழுத்து மாற்றத்துக்கான தீர்மானத்தை அதே கூட்டத்தில் நிறைவேற்றுங்கள். புதிய நிர்வாகிகளின் பெயர்ப் பட்டியலை மாவட்டப் பதிவாளரிடம் உரிய படிவத்தில் கால வரம்புக்குள் தாக்கல் செய்து, ஒப்புகைச் சீட்டை ஒப்படைப்புப் பட்டியலோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள்.